கைகேயி மனம் திரிந்தது எங்கே? வழக்காடு மன்றத்துக்கு உதவி வேண்டும்

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கம்பன் விழா வழக்காடு மன்றத்தில் கைகேயி மீது குற்றச்சாட்டு. எனக்குக் கைகேயி தரப்பு. 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். நடுவர் குறுக்குக் கேள்விகளைக் கழித்தால் 17தான் கையில் நிற்கும்.

மந்தரை சூழ்ச்சிப் படலமும் கைகேயி சூழ்வினைப் படலமும் உரையோடு படித்தாகிவிட்டது. மூன்று இடத்தில் முட்டுகிறது.

"இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ?" (இராமனைப் பெற்ற எனக்குத் துன்பம் உண்டோ?) என்று கேட்டவள், அதே படலம் முடிவதற்குள் அவனைக் காட்டுக்குத் துரத்தத் துணிகிறாள். திருப்பம் எந்தப் பாட்டில்? "தூய சிந்தையும் திரிந்தது, சூழ்ச்சியின் இமையோர் மாயையும்" என்ற இடத்தைக் காட்டி, தேவர்கள் செய்த வேலை என்று வாதத்தை முடித்துவிடலாமா?

அடுத்தது, எதிர்த்தரப்பு "பதவி ஆசை" என்ற ஒற்றைச் சொல்லில்தான் வழக்கை நிறுத்தப்போகிறார்கள். அதை எப்படி உடைப்பது?

கடைசியாக, ஷேக்ஸ்பியரின் "மக்பெத்" நாடகத்து லேடி மக்பெத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது எடுபடுமா?

உண்டைவில்

திருப்பத்தை ஒரே பாட்டில் தேடாதீர்கள். மந்தரை மூன்று முறை அடிக்கிறாள். முதல் இரண்டும் வீண். மூன்றாவதுதான் உள்ளே இறங்குகிறது. எது தோற்றது, எது வென்றது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது.

முதல் அடி சக்களத்திப் பொறாமை. "வீழ்ந்தது நின் நலம், வாழ்ந்தனள் கோசலை, மதியினால்" என்று தொடங்குகிறாள். கைகேயி அசையவில்லை. கணவன் மன்னர் மன்னன், மகன் பரதன், இதற்குமேல் கோசலைக்கு என்ன வாழ்வு வந்துவிடும் என்று கேட்கிறாள். நாளை இராமனுக்கு முடி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து ஒரு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். கம்பன் அவளைத் "தூயவள்" என்று சொல்வது இந்தப் பாட்டில்தான். கூனி அந்த மாலையைத் தரையில் வீசி அடிக்கிறாள். "அம் பொன் மாலையால் குழித்தனள் நிலத்தை" என்கிறான். பொன் பட்டு மண் குழிகிறது. அந்த ஒரு வினைச்சொல்லில் அவள் வேகம் முழுவதும் இருக்கிறது.

இரண்டாம் அடிதான் பதவி ஆசை. சீதையும் இராமனும் உயர்ந்த ஆசனத்தில் இருக்க, உன் மகன் வெறுந்தரையில் இருப்பானே என்கிறாள். கல்வி, இளமை, ஆற்றல், அழகு, வீரம் எல்லாம் பரதனுக்கு வாய்த்தும் "புல்லிடை உக்க நல் அமுதும் போலுமால்" என்கிறாள். மகனை அரியணையில் பார்க்கும் ஆசை ஒரு தாய்க்கு இருந்தால் இந்த இடத்தில் கரைந்திருக்க வேண்டும். கைகேயிக்குக் கண் சிவக்கிறது. "எனக்கு நல்லையும் அல்லை நீ, என் மகன் பரதன் தனக்கு நல்லையும் அல்லை, அத் தருமமே நோக்கின், உனக்கு நல்லையும் அல்லை" என்று சீறுகிறாள். உன் நாவை அறுக்காமல் பொறுத்தேன், என் எதிரில் நில்லாமல் போ என்று விரட்டுகிறாள். ஆசை என்ற தூண்டிலைக் காட்டியபோது அவள் கடிக்கவில்லை. எதிர்த்தரப்புக்கு நீங்கள் முதலில் காட்ட வேண்டிய சான்று இதுதான்.

மூன்றாம் அடிக்கு முன் கூனி குரலை மாற்றுகிறாள். காலில் விழுகிறாள். கத்தல் நின்று கணக்கு தொடங்குகிறது. மூத்தவனுக்கே அரசு என்றால், தசரதன் இருக்க அவனுக்கு இளைய இராமன் முடி சூடலாமா? அவனுக்குச் சரி என்றால் பரதனை விலக்குவது எது? கைகேயி "வரன்முறை திறம்புதல் வழக்கோ" என்று முறையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அதனால் கூனி அந்த முறையிலேயே ஓட்டை போடுகிறாள். பிறகு, அருந்தவம் செய்தவர்க்கும் பெரும் செல்வம் வந்தபின் "சிந்தனை பிறிது ஆம்" என்கிறாள். அடுத்த வாதம் மிகவும் நுட்பமானது. நாளை வறியவர் உன்னிடம் கையேந்தி வந்தால் கோசலையிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பாயா, வெட்கப்படுவாயா, இல்லை என்பாயா? கொடுத்தே பழகிய கைக்கு இதைவிட வேறு பயம் வேண்டாம். கடைசியாகப் பிறந்த வீடு. உன் கணவனுக்கு அஞ்சித்தான் சனகன் உன் தந்தையை விட்டுவைத்திருக்கிறான், நாளை அவன் அரசனுக்கு மாமனார், உன் தந்தைக்கு வாழ்வு ஏது என்று கேட்கிறாள்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் "தூய சிந்தையும் திரிந்தது" வருகிறது. அவளை வீழ்த்தியது பயம். ஆசை அந்தப் பயத்தின் பின்னால் வந்து சேர்ந்தது.

மனம் மாறியதும் அவள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சைக் கவனியுங்கள்: "எனை உவந்தனை, இனியை என் மகனுக்கும்." முன்னே சீறியபோது எனக்கு, என் மகனுக்கு, தருமத்தை நோக்கினால் உனக்கு என்று மூன்றாக நிறுத்துப் பார்த்தாள். இப்போது நானும் மகனும் மட்டும் நிற்கிறோம். நடுவே தருமம் காணாமல் போயிற்று. அவையில் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள், விளக்கமே தேவைப்படாது.

நடுயாமம்

உண்டைவில் சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் தேவர் மாயையை மட்டும் நம்பி எழுந்து நிற்காதீர்கள். அடுத்த பாட்டிலேயே வழுக்கிவிடுவீர்கள்.

"தூய சிந்தையும் திரிந்தது." திரிந்தது என்பது தன்வினை. இமையோர் மாயை, அவர் பெற்ற வரம், அந்தணர் தவம் என்று காரணங்களை அடுக்குகிற கம்பன், தேவர்கள் அவள் மனத்தைத் திரித்தார்கள் என்று எழுதவில்லை. அடுத்த பாட்டு: "அரக்கர் பாவமும் அல்லவர் இயற்றிய அறமும் துரக்க, நல் அருள் துறந்தனள் தூ மொழி மடமான்." துரக்க, துறந்தனள். ஓசையில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தாம். பின்னிருந்து தள்ளியவை பாவமும் அறமும். அருளைத் துறந்தவள் அவள். இந்த இடையின ரகர, வல்லின றகர வேறுபாட்டை ஒரு நல்ல வழக்கறிஞர் பிடித்துக்கொண்டால் உங்கள் மாயை வாதம் அங்கேயே சரியும். "விதியின் பிழை" என்று இராமன் இலக்குவனுக்குச் சொன்னதைக் கொண்டுவருவதும் அப்படித்தான். அது கொதிக்கிற தம்பியை ஆற்றச் சொன்னது. தீர்ப்பாக அதை எடுத்தால் நடுவர் விடமாட்டார்.

எதிர்த்தரப்பின் கனமான ஆயுதம் அடுத்த படலத்தில் இருக்கிறது. கூந்தல் மாலையைத் தானே பிய்த்து, திலகத்தை அழித்துத் தரையில் கிடக்கிறாள். அதை முன்னேற்பாடு என்பார்கள். தசரதன் "வள்ளல் இராமன் உன் மைந்தன் ஆணை" என்று இராமன் மேலேயே ஆணையிட்டு மாட்டிக்கொள்கிறான். பிறகு கெஞ்சுகிறான்: கண் வேண்டுமா தருகிறேன், உயிர் வேண்டுமா உன்னுடையதுதான். "மண்ணே கொள் நீ, மற்றையது ஒன்றும் மற." நாட்டை எடுத்துக்கொள், அந்த இன்னொன்றை மட்டும் மறந்துவிடு என்கிறான். அவள் இறங்கவில்லை. கேட்டது கிடைத்த பிறகும் இரண்டாம் வரத்தை விடாதவள் கொடியவள் அல்லாமல் யார் என்று கேட்பார்கள். கம்பனே "தீயவை யாவையினும் சிறந்த தீயாள்" என்று சொல்லியும்விட்டான்.

இதற்குப் பதில் தயார் செய்யாமல் மேடை ஏறாதீர்கள்.

பொருநைக்கரை

மிக்க நன்றி. "மண்ணே கொள் நீ" எனக்கு எதிரான சாட்சி என்று புரிகிறது. அதற்குப் பதில் இருக்கிறதா, அல்லது ஒப்புக்கொண்டுவிட்டு நகர்வதா?

உண்டைவில்

பதில் இருக்கிறது. அந்தப் பாட்டே உங்கள் சாட்சியாகவும் நிற்கும்.

பதவி ஆசை மட்டும் என்றால் முதல் வரம் போதும். நாடு பரதனுக்கு என்றதும் வழக்கு முடிந்தது. தசரதன் அதைத் தருகிறேன் என்ற நொடியில் ஆசைக்காரி கையை நீட்டியிருப்பாள், இரண்டாவதை விட்டுக்கொடுத்துக் கணவனையும் காப்பாற்றியிருப்பாள். அவளுக்கு இரண்டாவது ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது? இராமன் அயோத்தியிலேயே இருந்தால் பரதன் முடி நிலைக்காது, தன் வீடு பிழைக்காது என்று கூனி புகட்டிய பயம். முதல் வரத்தை ஆசை கேட்டிருக்கலாம். இரண்டாம் வரத்தைக் கேட்க வைத்தது பயம்தான். "பதவி ஆசை" என்ற குற்றப்பத்திரிகை பாதி வரத்துக்குத்தான் விளக்கம் சொல்கிறது, மீதிப் பாதிக்கு என்ன சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பயந்தவள் செய்த கொடுமையும் கொடுமைதானே என்று நடுவர் கேட்பார். ஆம் என்று சொல்லிவிடுங்கள். "தீயாள்" என்ற சொல்லை மறைக்கவே கூடாது. வரம் கேட்ட பாட்டின் கடைசி அடியில்தான் அந்தச் சொல் விழுகிறது. "தெய்வக் கற்பினாள்" என்று கண் விழித்தவள், "தூயவள்" ஆகி மாலை கொடுத்து, "தேவி"யாக மனம் திரிந்து, கடைசியில் "தீயாள்" ஆகிறாள். பிறவியிலேயே தீயவளாக இருந்தால் கம்பன் இத்தனை பெயர் மாற்றியிருக்க வேண்டாம். கூனிக்குப் பாருங்கள், தோன்றும்போதே "கொடு மனக் கூனி", கடைசிவரை அதே.

இன்னொரு சான்று இரண்டு பரிசுகள். முதல் பரிசு ஒரு மாலை, இராமன் முடி சூடுகிறான் என்ற மகிழ்ச்சிக்கு. சூழ்ச்சி முடிந்ததும் மணியாரமும் நிதியமும் கொடுத்துத் தழுவி, "தரைக்கு நாயகன் தாய் இனி நீ" என்கிறாள். கூனி இப்போது அரசனின் தாய். தாய் என்ற இடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். விரட்டும்போது சொன்ன அதே "போதி"யைத்தான் விடைகொடுக்கும்போதும் சொல்கிறாள், "போதி நீ" என்று.

மணல்மேடு

லேடி மக்பெத் பற்றி. ஒப்பிடலாம், ஆனால் ஜோடியை மாற்றிக் கட்டுங்கள்.

முதல் அங்கம் 5ஆம் காட்சியில் கணவன் கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் லேடி மக்பெத் கொலைக்குத் தயார். அவளை யாரும் திருப்பவில்லை. கணவன் மனத்தில் இரக்கம் அதிகமாகிவிடுமோ என்பதுதான் அவள் கவலை. ஆகவே அவள் நிற்கும் இடம் மந்தரையின் இடம். கைகேயியோடு நிறுத்த வேண்டியவன் மக்பெத். 7ஆம் காட்சியில் டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் வீட்டு விருந்தாளி என்று அவனே எண்ணிப் பார்த்து, இனி இதில் போக வேண்டாம் என்று மனைவியிடம் சொல்கிறான். அந்தக் காட்சி முடிவதற்குள் திரும்பிவிடுகிறான். மறுத்து, அழுத்தம் வந்து, வளைகிற அந்த நடை அப்படியே கைகேயியின் நடை. சூனியக்காரிகளை இமையோர் மாயையின் பக்கத்தில் வைக்கலாம். ஆருடம் சொன்னார்களே ஒழிய, கத்தியை எடுக்கச் சொல்லவில்லை.

வேறுபாடு முக்கியம். தன்னைக் குத்தி ஓட்டும் முள் பேராசை ஒன்றே என்று மக்பெத் அதே காட்சியில் தானே சொல்லிக்கொள்கிறான். தனக்கு நேர்வதன் பெயர் அவனுக்குத் தெரியும். கைகேயிக்கு அப்படி ஒரு தனிமொழி இந்த இடத்தில் கம்பன் தரவில்லை. கூனி சொன்னதை அவள் நன்மை என்றே நம்புகிறாள்.

தூக்கத்தைத் தொட்டுக் காட்டினால் அவை அப்படியே உட்கார்ந்துவிடும். கொன்ற கையோடு மக்பெத்துக்கு உறக்கம் போய்விட்டது என்று ஒரு குரல் கேட்கிறது. ஐந்தாம் அங்கத்தில் அவன் மனைவி தூக்கத்தில் எழுந்து, விளக்கோடு நடந்து, இல்லாத இரத்தக் கறையைக் கையிலிருந்து தேய்க்கிறாள். கைகேயியோ கூனி வந்தபோது தூங்குகிறாள். பாம்பு நெருங்கும்போதும் ஒளி குன்றாத நிலவைப் போலத் தூங்குகிறாயே என்றுதான் கூனி பேச்சைத் தொடங்குகிறாள். கணவன் மயங்கிக் கிடக்க, வரம் முற்றிய பிறகு "துயில்வுற்றாள்" என்கிறான் கம்பன். அதைப் பார்த்து வெட்கப்பட்டவளைப்போல இரவு என்ற பெண் போய்விட்டாள் என்றும் பாடுகிறான். இரண்டு தூக்கம், நடுவே ஒரு முழு நாள்கூட இல்லை.

உங்கள் தரப்புக்கு இது உதவாது, உண்மைதான். எதிர்த்தரப்பு கொண்டுவந்தால் அதிராமல் இருக்கத்தான் சொல்கிறேன். ஒப்பீட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். கம்பன் மேடையில் ஷேக்ஸ்பியர் நீண்டால் பேச்சு கையை விட்டுப் போகும்.

அசைசீர்

மேடைக்கான நடைமுறை மட்டும் சொல்கிறேன்.

17 நிமிடத்தில் முழுப் பாட்டு ஐந்துக்கு மேல் வேண்டாம். சீர் பிரித்து நிறுத்திச் சொன்னால் ஒரு பாட்டு ஏறக்குறைய அரை நிமிடம் தின்னும், பொருள் சொல்ல இன்னொரு ஒன்றரை. ஐந்துக்கே 10 நிமிடம் போய்விடும். என் தேர்வு: பராவரும் புதல்வரை, தெழித்தனள், எனக்கு நல்லையும், தூண்டும் இன்னலும், கண்ணே வேண்டும். மற்றவை ஓரடி மேற்கோளாகப் போதும். மூன்று அடிகளுக்கும் சம நேரம் கொடுக்காதீர்கள். முதலாவதை ஒரு நிமிடத்தில் கடந்து, மூன்றாவதில் உட்காருங்கள்.

பொருளில் வழக்கமாக இடறும் சொற்கள் சில. "எற்கு" என்றால் எனக்கு, எதற்கு என்று சொல்லிவிடுகிறார்கள். "போதி" என்றால் போ, போதித்தல் அல்ல. "நம்பியை நளிர் முடி சூட்டல்" என்பதில் நம்பி பரதன். இராமன் என்று சொன்னால் பாட்டே தலைகீழாகும், ஏனென்றால் அடுத்த அடியில் இராமனைத் துரத்தல் தனியாக வருகிறது. சனகனை "மாதுலன்" என்பது மாமனார் என்ற பொருளில். "ஏழ் இரு", "ஏழ் இரண்டு" இரண்டும் 14, பெருக்க வேண்டும். "உண்டை" என்பது வில்லில் வைத்து அடிக்கும் மண்ணுருண்டை. கூனியின் பழைய வன்மத்துக்குக் கம்பன் காட்டும் காரணம், முன்பு இராமன் அவள்மேல் அடித்த அந்த உருண்டை. திருவாய்மொழியிலும் "கூனே சிதைய உண்டை வில்" என்று வருகிறது. ஆகவே கம்பன் கற்பனை என்று சொல்லிவிடாதீர்கள்.

பாட்டு எண் சொல்லி மேற்கோள் காட்ட வேண்டாம். மிகைப் பாடல்களைப் பதிப்புக்குப் பதிப்பு வேறு விதமாக ஒதுக்கியிருப்பதால் எண்கள் ஒத்துவராது, எதிர்த்தரப்பு வேறு பதிப்பை விரித்து வைத்திருந்தால் அவை முன்னால் திணற நேரும். படலப் பெயரும் முதல் சீரும் சொன்னால் போதும்.

வால்மீகியைக் கலக்கும்போதும் கவனம். நீ முன்பு கோசலையை அலட்சியம் செய்தாய், அவள் பழி தீர்ப்பாள் என்று மந்தரை சொல்வது வால்மீகியில். நாட்டைக் கன்யாசுல்கமாக (பெண்ணுக்குத் தரும் பரிசமாக) தசரதன் முன்பே வாக்களித்தான் என்பதும் வால்மீகியில் இராமன் பரதனுக்குச் சொல்வது. கம்பனின் மந்தரை அதை வாதமாக எடுக்கவில்லை. வழக்கு கம்பன் அவையில் நடக்கிறது, சாட்சியும் அங்கிருந்தே வரட்டும்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. முடிப்பதற்கு மீட்சிப் படலத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன். "தீயள் என்று நீ துறந்த என் தெய்வமும் மகனும் தாயும் தம்பியும் ஆம் வரம் தருக" என்று இராமன் தசரதனிடம் கேட்கிற இடம். பொருந்துமா?

நடுயாமம்

பொருந்தும். ஆனால் அந்தப் பாட்டோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எதிர்த்தரப்பு அடுத்த பாட்டை எடுக்கும். அதில் தசரதன் பரதனுக்கு மட்டும் இசைகிறான், முடியைப் பறித்து விரத வேடம் தந்த பாவிமேல் சினம் நீங்காது என்கிறான். அங்கே முடிந்தால் உங்களுக்குத்தான் இழப்பு.

அதற்கும் அடுத்த பாட்டுக்குப் போங்கள். அரசை ஆள இசைந்த நான்தான் பிழை செய்தேன், "என்னை ஈன்ற எம் பிராட்டி தான் பிழைத்தது உண்டோ?" என்று இராமன் கேட்கிறான். தசரதன் சினம் தணிகிறது. கண் விழித்ததும் அவள் சொன்னது "இராமனைப் பயந்த எற்கு." ஐந்து காண்டம் கடந்து, போர் முடிந்து, அவன் சொல்வது "என்னை ஈன்ற." முதல் நிமிடத்தில் அந்தப் பாட்டைச் சொல்லிவையுங்கள், கடைசி நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். "ஈன்ற" என்ற சொல்லில் சற்றே நிறுத்துங்கள்.